நாவிக் செயற்கைக்கோளைத் தரையிலிருந்து ஆள்வது எப்படி: பெங்களூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ராக்கெட் கிளம்புவதை ஊரே பார்க்கும். இருபது நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் செயற்கைக்கோளை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும், அதன் கடிகாரத்தை விடாமல் சோதிப்பதும், அது பரப்பும் தகவல் பொய்யாகிவிடாமல் காப்பதும் தரையில் இருப்பவர்கள். வழிகாட்டும் செயற்கைக்கோள் என்றால் இந்த வேலை இன்னும் கூடுதல். தொலைக்காட்சிக்கான செயற்கைக்கோள் சில கிலோமீட்டர் அப்படி இப்படி நகர்ந்தாலும் வீட்டில் படம் தெரியும். வழிகாட்டும் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பதில் சில மீட்டர் தவறினாலே, அதை நம்பிப் போகும் படகும் லாரியும் தவறான இடத்தில் நிற்கும்.

திருச்சியிலோ நாகர்கோவிலிலோ மின்னணுவியல், கணினி, இயந்திரவியல் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள், ஆன்டெனா, நெட்வொர்க் சார்ந்த வேலைக்கு இந்த ஊருக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பழக்கிய இளைஞர்களில் பலர் ஆன்டெனாவிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் ராக்கெட்டிலிருந்து. இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற பொருள், அதனால் அந்த ஈர்ப்பு புரிகிறது. ஆனால் ஜிபிஎஸ் போல நம் நாடே அமைத்த வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கைப் பொறுத்தவரை கடிகாரத்திலிருந்து தொடங்குபவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். கீழே உள்ள வரிசையும் அதை ஒட்டியதே.

படி 1: யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்

முதலில் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏவுதல் ஸ்ரீஹரிகோட்டாவில். ராக்கெட்டைப் பின்தொடரும் தரைநிலையங்களின் வலையமைப்பை நடத்துவது இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம். அதன் தலைமையகம் நம் பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கிறது. பச்சை வழித்தட மெட்ரோவில் போய் இறங்கிவிடலாம். கிழக்கே பறக்கும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையிலிருந்து மறைந்ததும், போர்ட் பிளேர், புரூணை, இந்தோனேசியாவின் பியாக் ஆகிய நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கவனிக்கும்.

ராக்கெட்டிலிருந்து செயற்கைக்கோள் பிரிந்தவுடன் பொறுப்பு ஹாசனில் உள்ள முதன்மைக் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கைமாறும். எம்.சி.எஃப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1982 முதல் இயங்குகிறது. இரண்டாவது மையம் போபாலில். செயற்கைக்கோளின் உடம்பைப் பார்த்துக்கொள்வது, அதாவது மின்சாரம், வெப்பம், எரிபொருள், திசை, சுற்றுப்பாதைத் திருத்தம் எல்லாம் இவர்கள் வேலை.

நாவிக்கின் மூளை வேறிடத்தில் இருக்கிறது. கெங்கேரி தாண்டிப் போனால், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், பியாலாலு கிராமம். சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். நகரத்தின் ரேடியோ இரைச்சலை அந்த மேடு தடுத்துவிடும். சந்திரயான், மங்கள்யான் போன்றவற்றோடு பேசிய 32 மீட்டர் ஆன்டெனா நிற்பது இங்கேதான். அதே வளாகத்தில் 2013 மே 28 அன்று இஸ்ரோ வழிகாட்டல் மையம் திறக்கப்பட்டது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது, அதன் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று கணக்கிடும் இடம் அது. கணக்கின் விடை ஹாசனுக்கும் போபாலுக்கும் போய், அங்கிருந்து மேலே ஏற்றப்படும். லக்னோவில் மாற்று மையம் உண்டு. இவை தவிர, நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் கண்காணிப்பு நிலையங்கள் நாள் முழுதும் நாவிக் சிக்னலைக் கேட்டு அளவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவை எதிலும் சும்மா போய் நுழைய முடியாது. வாசலில் நின்று செல்ஃபி எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

படி 2: மொட்டை மாடிக்குப் போங்கள்

படிப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். நாவிக் பிடிக்கும் ஃபோன் ஒன்று வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த நடுத்தர விலை ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. 'ஜிபிஎஸ்டெஸ்ட்' போன்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொண்டு, வானம் திறந்திருக்கும் இடத்தில் பத்து நிமிடம் ஃபோனை அசையாமல் வையுங்கள். பட்டியலில் அமெரிக்க, ரஷ்ய, ஐரோப்பிய, சீனக் கொடிகளுக்கு நடுவே நம் கொடி வரும்.

அந்த வரிகளில் உயரக் கோணத்தையும் திசைக் கோணத்தையும் குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் எங்கேயோ நகர்ந்திருக்கும். 129.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கும், நாவிக்கின் இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோளான என்.வி.எஸ்-01 உங்களுக்குக் கிடைத்தால், அது பெங்களூரின் கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில், ஆணி அடித்தாற்போல அதே இடத்தில் நிற்கும். அது புவிநிலைச் சுற்றுப்பாதை. வேறு சில வரிகளில் கோணம் மெதுவாக மாறும். அவை 29 பாகை சாய்ந்த பாதையில் வடக்குக்கும் தெற்குக்கும் எட்டு போட்டுக்கொண்டிருப்பவை.

பட்டியலில் நம் கொடி குறைவாகத் தெரிந்தால் ஃபோனைக் குறை சொல்லாதீர்கள். திட்டப்படி வேண்டியது ஏழு: புவிநிலையில் மூன்று, சாய்ந்த பாதையில் நான்கு. 2025 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, ஏவியவை 11. அவற்றில் இடம், நேரம் காட்டும் சேவையைத் தந்துகொண்டிருந்தவை 4. வேறு நான்கு, செய்தி பரப்ப மட்டும் பயன்பட்டன. ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டு உரிய பாதையை எட்டவே இல்லை. நன்றாக இருந்த செயற்கைக்கோள்கள் ஏன் இடம் காட்டும் வேலையிலிருந்து விலக நேர்ந்தது? பெரும்பாலும் கடிகாரத்தால்தான். 2013-இல் போன முதல் நாவிக் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ-வில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்களும் நின்றுபோயின. சூரியத் தகடு சரியாக இருந்தது, ரேடியோ சரியாக இருந்தது, எரிபொருள் இருந்தது. கடிகாரம் இல்லாததால் வழிகாட்டியாக அது பயனற்றுப் போயிற்று. 2023 மே 29 அன்று போன என்.வி.எஸ்-01-இல் நாமே செய்த அணுக்கடிகாரம் இருக்கிறது என்பதை இஸ்ரோ அவ்வளவு பெருமையாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

படி 3: நானோ விநாடியில் யோசிக்கப் பழகுங்கள்

சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் ஃபோன் தூரத்தைக் கணக்கிடுகிறது; சிக்னல் போவது ஒளியின் வேகத்தில். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். மைக்ரோ விநாடியில் 300 மீட்டர். இந்த இரண்டு எண்களும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு மனதில் பதியட்டும்.

இப்போது ஒரு கணக்கு. பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே பிசகும் கடிகாரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் பிசகு 8.6 நானோ விநாடி. தூரமாக மாற்றினால் 2.6 மீட்டர். இவ்வளவு அருமையான கடிகாரத்தைக்கூட ஒரே ஒரு நாள் கவனிக்காமல் விட்டால், சாலையின் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு வண்டி தாவிவிடும். இதைத் தாளில் போட்டுப் பார்த்தபின்தான், தரையில் இவ்வளவு பேர் ஏன் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உறைக்கும்.

ஐன்ஸ்டைனும் இந்தக் கணக்கில் வருகிறார். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும்; வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும். புவி ஒத்திசைவு உயரத்தில், அதாவது நாவிக் இருக்கும் 36,000 கிலோமீட்டரில், இரண்டும் சேர்ந்து, நம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்கு 46 மைக்ரோ விநாடிக்குச் சற்று அதிகமாக மேலுள்ள கடிகாரம் முந்திப் போகும். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 14 கிலோமீட்டர். பௌதிகப் பாடத்தில் தேர்வுக்கு மட்டும் படித்ததாக நினைத்த விஷயம் இங்கே தினசரிக் கணக்கில் ஒரு வரி.

இத்தனைக்கும் அடிப்படையான நேரம் எங்கிருந்து வருகிறது? பியாலாலுவில் உள்ள நேர மையத்தில் சீசியம் கடிகாரங்கள், ஹைட்ரஜன் மேசர்கள் என்ற இரண்டு வகை அணுக்கடிகாரங்களும் சேர்ந்து ஒரு பொது நேரத்தை உருவாக்குகின்றன. அதுதான் நாவிக் நேரம். 1999 ஆகஸ்ட் 22-இல் தொடங்கி வாரமாகவும் விநாடியாகவும் எண்ணிக்கொண்டே போகிறது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது கூட்டும் லீப் விநாடியை இதில் சேர்ப்பதில்லை. அதனால் உலகப் பொது நேரமான யூடிசி-யைவிட இப்போது 18 விநாடி முன்னால் இருக்கிறது. வார எண்ணுக்குப் பத்து பிட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகவே 1024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் ஒருமுறை திரும்பியது. நீங்கள் எழுதும் மென்பொருள் அடுத்த முறையைத் தாங்குமா என்று முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே படியில் இன்னொரு பழக்கமும் வர வேண்டும். தரைக்கட்டுப்பாட்டில் நேரம் குறிப்பது பெரும்பாலும் யூடிசி-யில், தேதி குறிப்பது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதில். ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ கிளம்பியது 2013 ஜூலை 1, இரவு 11:41. லாக்கில், அதாவது பணிப் பதிவேட்டில், அது 182-ஆம் நாள், 18:11. நள்ளிரவு தாண்டியதும் உங்கள் கைக்கடிகாரம் ஜூலை 2 என்று காட்டும். லாக்கோ காலை ஐந்தரை வரை 182-ஆம் நாளிலேயே இருக்கும். இரவு ஷிப்டில், தூக்கக் கண்ணோடு, இந்த வித்தியாசத்தில் எண்ணை மாற்றி எழுத வாய்ப்பு அதிகம். மேசையில் யூடிசி காட்டும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மனக்கணக்கை நம்பாதீர்கள்.

படி 4: கடிகாரப் பிழையையும் தூரப் பிழையையும் பிரிப்பது

இதுதான் இந்தத் துறையின் இதயம். மெதுவாகப் படியுங்கள்.

கண்காணிப்பு நிலையம் சிக்னலைப் பெறுகிறது. சிக்னல் கிளம்பிய நேரம் செயற்கைக்கோளின் கடிகாரப்படி; வந்து சேர்ந்த நேரம் நிலையத்தின் கடிகாரப்படி. கழித்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். ஆனால் அது சுத்தமான தூரமல்ல. மேலுள்ள கடிகாரம் ஒரு நானோ விநாடி தாமதித்தாலும், செயற்கைக்கோள் 30 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும், இந்த அளவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது எது என்று எப்படிப் பிரிப்பது?

ஜிபிஎஸ்-க்கு இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. அதன் செயற்கைக்கோள் நாளுக்கு இருமுறை பூமியைச் சுற்றுகிறது. உலகெங்கும் உள்ள நிலையங்கள் அதைப் பல கோணங்களிலிருந்து பார்க்கின்றன. நிலை மாறும்போது தூரம் ஒரு விதமாக மாறும், கடிகாரப் பிழை வேறு விதமாக மாறும். கணக்கில் இரண்டும் தனித்தனியே வெளிப்பட்டுவிடும்.

நாவிக்கின் அமைப்பு வேறு. எல்லாச் செயற்கைக்கோள்களும் எந்நேரமும் இந்தியாவிலிருந்து தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் வெளிநாட்டு மண்ணை அதிகம் நம்பாமல், நம் எல்லைக்குள்ளிருந்தே எந்தக் கணத்திலும் புதிய தகவலை ஏற்றலாம். இது பெரிய பலம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஐந்து பாகை அளவே. அதாவது நம் நிலையங்கள் எல்லாம் அந்தச் செயற்கைக்கோளை ஏறக்குறைய ஒரே கோட்டிலிருந்துதான் பார்க்கின்றன. புவிநிலையில் இருப்பதோ அசைவதே இல்லை. கடிகாரப் பிழையும் உயரப் பிழையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதை உடைக்கத்தான் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஒரு சிக்னல் மேலே போகும், டிரான்ஸ்பாண்டர் அதை அப்படியே திருப்பி அனுப்பும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது போல. போனதையும் வந்ததையும் அளப்பது ஒரே தரைக் கடிகாரம். மேலுள்ள அணுக்கடிகாரம் கணக்கில் வருவதே இல்லை. போய்வர ஏறத்தாழ கால் விநாடி. டிரான்ஸ்பாண்டருக்குள் ஏற்படும் தாமதத்தை ஏவுதலுக்கு முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும், அதைக் கழித்தால் தூரம் கிடைத்துவிடும். ஒருவழி அளவிலிருந்து இந்த இருவழி அளவைக் கழியுங்கள்; மிஞ்சுவது கடிகாரப் பிழை.

மூன்றாவதாக ஒரு சாட்சியும் உண்டு. செயற்கைக்கோளின் மேல் மூலைக்கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். தரையிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பினால் வந்த வழியே திரும்பும். ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும் அயனிமண்டலம் லேசரை ஒன்றும் செய்யாது. வானம் தெளிவாக இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் அன்றாடக் கணக்குக்கு ஆகாது. நம் கணக்கு சரியா என்று ஒத்துப்பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இதை விளக்கும்போது ஒரு தங்கை என்னை மடக்கினாள். "அண்ணா, ஃபோன் வச்சிருக்கவரும் இந்தியாலதானே நிக்கிறாரு? கடிகாரப் பிழையும் உயரப் பிழையும் சேர்ந்து ஒரே எண்ணா இருந்தா அவருக்கும் அதே எண்தானே வரும்? எதுக்குப் பிரிக்கணும்?" கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கணத்துக்கு அவள் சொல்வது கிட்டத்தட்ட சரி. ஆனால் நாம் ஏற்றுவது இந்தக் கணத்தின் விடையை அல்ல, வரப்போகும் மணி நேரங்களுக்கான கணிப்பை. சுற்றுப்பாதை நிலா, சூரியன், பூமியின் ஈர்ப்பு, சூரிய ஒளியின் அழுத்தம் இவற்றைப் பின்பற்றி மாறும். கடிகாரம் தன் இஷ்டத்துக்கு மாறும். தவறாகப் பிரித்தால் இப்போதைய விடை பொருந்தும், ஆறு மணி நேரம் கழித்துப் பொருந்தாது. கணிப்பு நிற்பது பிரிப்பின் மேல்தான்.

படி 5: ஏவும் இரவிலிருந்து நிற்கும் இடம் வரை

பி.எஸ்.எல்.வி கொண்டுபோன முதல் தலைமுறை நாவிக் செயற்கைக்கோளின் எடை ஏறத்தாழ 1,425 கிலோ. ராக்கெட் விட்டுச் செல்லும் பாதை நீள்வட்டம்: பூமிக்கு அருகே 284 கிலோமீட்டர், தொலைவில் 20,650 கிலோமீட்டர் என்பது திட்ட அளவு. அங்கிருந்து 36,000 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குத் தானே ஏறிக்கொள்ள வேண்டும். இப்போதைய என்.வி.எஸ் வரிசையின் எடை இரண்டு டன்னுக்கு மேல், அதனால் ஜி.எஸ்.எல்.வி.

பிரிந்தவுடன் ஹாசனில் பார்ப்பது: சிக்னல் வந்ததா, சூரியத் தகடு விரிந்ததா, மின்சாரம் ஏறுகிறதா, முகம் சூரியனை நோக்கித் திரும்பியதா. பிறகு சில நாட்களில் நான்கைந்து முறை பெரிய எஞ்சினை எரிப்பார்கள். அருகே வரும்போது எரித்தால் தொலைமுனை உயரும். தொலைமுனையில் எரித்தால் அருகுமுனை உயரும், பாதையின் சாய்வையும் அங்கேதான் மலிவாகத் திருத்தலாம். ஒவ்வோர் எரிப்புக்குப் பிறகும் தூரத்தை அளந்து, புதிய பாதையைக் கணக்கிட்டு, அடுத்த எரிப்பின் நேரத்தையும் திசையையும் திருத்துவார்கள். கணக்கு தீராமல் அடுத்த எரிப்பு கிடையாது.

2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாக, என்.வி.எஸ்-02 போனது. ராக்கெட் வேலையைச் சரியாக முடித்தது. தகடுகள் விரிந்தன, மின்சாரம் வந்தது, தொடர்பு கிடைத்தது. பாதையை உயர்த்தும் எஞ்சினுக்கு ஆக்ஸிஜனேற்றியை விடும் வால்வு திறக்கவில்லை என்று இஸ்ரோ அறிவித்தது. அத்தோடு 36,000 கிலோமீட்டர் எட்டாமல் போயிற்று. 2017 ஆகஸ்ட் 31-இல் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1எச் போனபோது நடந்தது வேறு: வெப்பக் கவசம் கழன்றுகொள்ளவில்லை, செயற்கைக்கோள் கவசத்துக்குள்ளேயே பிரிந்தது. கழல வேண்டிய எடையைச் சுமந்து போனதால் ராக்கெட்டின் வேகம் திட்டக் கோட்டுக்குக் கீழே விழுந்ததைத் திரையில் வந்த எண்களே காட்டின.

இவற்றைப் புதியவர்களை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எந்த எண் எதன் அடையாளம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான், கோடு விலகும்போது காரணத்தைத் தேட முடியும். ஏவுதல் நேரலையை அடுத்த முறை பார்க்கும்போது புகையை விட்டுவிட்டு, திரையில் ஓடும் உயரக் கோட்டையும் வேகக் கோட்டையும் பாருங்கள்.

படி 6: கன்சோலில் உட்காரும் முறை

கமாண்ட் அனுப்புவது பெரிய வேலையல்ல, பொத்தானை அழுத்தினால் போய்விடும். அது வேலை செய்ததா என்று அறிவதுதான் வேலை. இதற்கு மூன்று படிநிலைகள் உண்டு. செயற்கைக்கோள் கமாண்டைப் பெற்றுக்கொண்டது என்ற ஒப்புகை முதலாவது. அதன் கணினி நிறைவேற்றியது என்ற குறி இரண்டாவது. உண்மையில் ஏதாவது மாறியதா என்பது மூன்றாவது: சூடேற்றியைப் போட்டால் மின்னோட்டம் ஏற வேண்டும், சில நிமிடம் கழித்து வெப்பநிலையும் ஏற வேண்டும். முதல் இரண்டைப் பார்த்துவிட்டு "ஆச்சு சார்" என்று சொல்லாதீர்கள்.

எஞ்சின் எரிப்பு என்றால் இன்னும் நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோளின் வேகம் மாறினால் தரைக்கு வரும் சிக்னலின் அலைவரிசையும் மாறும், டாப்ளர் விளைவுதான். செயற்கைக்கோள் தன்னைப் பற்றிச் சொல்லும் டெலிமெட்ரி ஒரு பக்கம் இருக்கட்டும். தரையில் நாமே அளக்கும் டாப்ளர் அதைச் சாராத சாட்சி. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஒவ்வொரு செயல்முறையும் எழுத்தில் இருக்கும். என்ன கமாண்ட், அதற்குமுன் எந்த எண் எப்படி இருக்க வேண்டும், பின் எப்படி மாற வேண்டும், மாறாவிட்டால் என்ன செய்வது. கடைசிப் பகுதியைத்தான் முதலில் படியுங்கள். முக்கியமான கமாண்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையில் ஒத்துப்பார்க்க வேண்டும். உங்களைவிட இருபது வயது மூத்தவர் வாசித்தாலும், எண் பொருந்தவில்லை என்றால் "சார், ஒரு நிமிஷம்" என்று நிறுத்துவது உங்கள் கடமை. பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது முதலில் கடினம். பழகிக்கொள்ளுங்கள். நல்ல மூத்தவர்கள் அதற்கு நன்றி சொல்வார்கள்.

ஷிப்ட் மாறும்போது வாயால் சொல்வதோடு விடாதீர்கள். பக்கத்துக் கன்சோலில் இருப்பவரும் தமிழர் என்றால் பேச்சு தமிழில் ஓடும், கன்னடமும் இந்தியும் கலக்கும், எல்லாம் சரிதான். லாக்கில் மட்டும் எல்லோருக்கும் புரியும் ஒரே மொழியில், நேரத்தோடு எழுதுங்கள். "வழக்கம்போல் இருந்தது" என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த எண் எல்லைக்கு அருகே போய்த் திரும்பியது என்று எழுதுங்கள்.

மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றரை மாதம், புவிநிலைச் செயற்கைக்கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் புகும். அதிகபட்சம் 72 நிமிடம் வரை. பேட்டரியில்தான் ஓடும், வெப்பநிலை இறங்கி ஏறும், கடிகாரத்துக்கு அந்த மாற்றம் பிடிக்காது. புதியவர்கள் கற்றுக்கொள்ள இந்தப் பருவத்தைவிட நல்ல காலம் இல்லை. கேட்டு வாங்கி அந்த ஷிப்டில் உட்காருங்கள்.

படி 7: மேலே ஏற்றுவது என்ன

நாவிக் செய்தி நான்கு துண்டுகளாக வரும், ஒவ்வொன்றும் 12 விநாடி, மொத்தம் 48 விநாடி. முதல் இரண்டு துண்டுகளில் அந்தச் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை எண்களும், கடிகாரத் திருத்தத்துக்கான மூன்று கெழுக்களும் இருக்கும். மற்ற இரண்டில் அயனிமண்டலத் திருத்தம் போன்றவை. இது ஒலிபரப்பாகும் அலைவரிசைகள் இரண்டு: எல்5 1176.45 மெகாஹெர்ட்ஸ், எஸ் பேண்ட் 2492.028 மெகாஹெர்ட்ஸ். என்.வி.எஸ் வரிசையில் எல்1-உம் சேர்ந்தது, அது 1575.42.

தரைக்கட்டுப்பாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன பிட்கள் சில இதற்குள் உண்டு. எல்5-க்கும் எஸ்-க்கும் தனித்தனி நலக் குறி. எச்சரிக்கைக் குறி. தரையிலிருந்து புதிய தகவல் வராமல், முன்பே சேமித்து வைத்ததிலிருந்து ஒலிபரப்புகிறேன் என்று செயற்கைக்கோள் சொல்லும் 'ஆட்டோநேவ்' குறி. ஒரே ஒரு பிட்தான், ஆனால் தரை இணைப்பு உயிரோடிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்தக் குறிகளின் பயன் சுற்றுப்பாதைத் திருத்தத்தின்போது புரியும். பூமியின் ஈர்ப்பு முழு வட்டமாக இல்லாததால் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 75 பாகை கிழக்கை நோக்கி நழுவப் பார்க்கும்: 32.5-இல் இருப்பது கிழக்கே, 129.5-இல் இருப்பது மேற்கே. அவ்வப்போது சிறு எஞ்சினை எரித்து இழுத்து நிறுத்த வேண்டும். எரித்த மறுகணம் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும் பாதை எண்கள் பொய். ஆகவே வரிசை இப்படித்தான்: முதலில் "என்னை நம்பாதே" என்று குறியை மாற்று, பிறகு எரி, பிறகு அள, புதிய பாதையைக் கணக்கிடு, ஏற்று, ஒலிபரப்பாவது ஏற்றியதுதானா என்று தரையில் கேட்டுப் பார், கடைசியில்தான் குறியை மீட்டு வை. அவசரத்தில் கடைசி இரண்டும் இடம் மாறினால் நாடு முழுக்கத் தவறான இடம் காட்டும்.

படி 8: வீட்டில் செய்யும் பயிற்சி

நாவிக்கின் சிக்னல் அமைப்பு ஆவணத்தை இஸ்ரோ இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். நாசாவின் 'ஜிமேட்' என்ற இலவச மென்பொருளில் 284-க்கு 20,650 கிலோமீட்டர் பாதையைப் போட்டு, வட்டமாக்க எத்தனை எரிப்பு வேண்டும் என்று நீங்களே முயலுங்கள். பைதான் தெரிந்தால் போதும், அடுத்த பயிற்சி இன்னும் பயனுள்ளது.

உலகின் பல ஆய்வு நிலையங்கள் தாங்கள் பெற்ற வழிகாட்டும் சிக்னல் தகவல்களை 'ரைனெக்ஸ்' கோப்புகளாக இலவசமாகத் தருகின்றன. அதில் நாவிக்கின் அடையாளம் 'I' என்ற ஆங்கில எழுத்து. ஒரு செயற்கைக்கோளின் பாதை எண்களில் அடுத்தடுத்த இரண்டு தொகுப்புகளை எடுங்கள். இரண்டையும் கொண்டு ஒரே கணத்தில் அதன் இடத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் சற்று வேறுபடும். அந்த வித்தியாசம்தான் பழைய கணிப்பு எவ்வளவு கிழடாகிவிட்டது என்பதன் அளவு. இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் வரைபடமாகப் போடுங்கள். கடிகாரத்துக்கும் தனியே அதையே செய்யுங்கள். இந்த இரண்டு வரைபடங்களையும் கையில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறவரிடம் பேச எனக்கு நிறைய இருக்கும்.

படி 9: வேலைக்கு வழி

பொறியியல் பட்டம் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டார், குளிரூட்டி, தடையில்லா மின்சாரம், ஃபைபர் இணைப்பு எல்லாம் ஓடினால்தான் மேலே சொன்ன கணக்கு எல்லாம். இஸ்ட்ராக் போன்ற மையங்கள் ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களையும் தொழில்நுட்பப் பணிகளுக்கு எடுக்கின்றன. பொறியாளர் பணிக்கான அறிவிப்புகள் இஸ்ரோவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தை (ஐ.ஐ.எஸ்.டி) சொல்லுங்கள். 2020-க்குப் பிறகு தனியாருக்கும் விண்வெளித் துறை திறந்ததால், தரைநிலைய மென்பொருள் எழுதும் சிறு நிறுவனங்களும் பெங்களூரில் இருக்கின்றன. அங்கே இரண்டு வருடம் கன்சோல் மென்பொருள் எழுதிவிட்டுப் போனாலும் அது அனுபவம்தான். உள்ளே ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று யஷ்வந்த்பூர் விடுதி வாசலில் யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், சான்றிதழ்களில் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் மட்டும் வைத்துப் பழகிய நமக்கு அந்த இடத்தில்தான் அலைச்சல் வரும்.